ஆர்ம்ஸ் என்றால் பைசெப்ஸ் மட்டும் இல்லை தம்பி

எங்கள் தெருமுனையில் ஒரு ஜிம் திறந்ததிலிருந்து என் பிசியோதெரபி கிளினிக்கில் கூட்டத்தின் வயது இறங்கிவிட்டது. முன்பெல்லாம் என்னிடம் வருகிறவர்கள் தூத்துக்குடித் துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள், உப்பளத்து ஆட்கள், லாரி டிரைவர்கள், முட்டி தேய்ந்த ஆச்சிகள். இப்போது மீசை சரியாக முளைக்காத பையன்கள். என்னடா செய்தாய் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "ஆர்ம்ஸ் ஏத்துனேன்க்கா." கேட்காமலே சட்டைக் கையைச் சுருட்டி மடக்கிக் காட்டுவார்கள். வலிக்கிற இடம் வேறு, காட்டுகிற இடம் வேறு.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களைப் பாராட்ட வேண்டும். நமக்குக் கை என்றால் தோளிலிருந்து விரல்நுனி வரை எல்லாம் கைதான். கை வலிக்கிறது என்று வருகிறவர் எங்கே தொட்டுக் காட்டப்போகிறார் என்பது அவர் தொடும்வரை எனக்குத் தெரியாது. அனாட்டமியில் அந்தத் தாராளம் கிடையாது. தோள் மூட்டுக்கும் முழங்கை மூட்டுக்கும் நடுவில் இருக்கும் துண்டு மட்டும்தான் ஆர்ம், லத்தீனில் பிரேக்கியம். அதற்குக் கீழே மணிக்கட்டு வரை ஆன்டிபிரேக்கியம், அதாவது முன்கை. ஆங்கிலேயர்களே பேச்சுவாக்கில் மொத்தக் கையையும் ஆர்ம் என்றுவிடுவார்கள். நம் ஜிம் பையன்கள்தான் அந்தச் சொல்லைச் சரியான துண்டுக்கு வைத்திருக்கிறார்கள். என்ன, அந்தத் துண்டில் இருப்பது பைசெப்ஸ் ஒன்றுதான் என்று நினைப்பு.

பைசெப்ஸுக்கு அடியில், அதைவிட அகலமாக, எலும்போடு ஒட்டிப் படுத்திருக்கும் தசையின் பெயர் பிரேக்கியாலிஸ். ஆர்ம் என்ற பெயரையே சுமக்கிற தசை அது. முழங்கையை மடக்கும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. ஆனால் ஜிம்மில் யாருக்கும் அதைத் தெரியாது, மேலே இருப்பவன் மறைத்துவிடுகிறான்.

இரண்டும் எந்த எலும்பில் போய் ஒட்டுகின்றன என்று பார்த்தால் யார் யாருக்கு என்ன வேலை என்பது விளங்கிவிடும். முன்கையில் இரண்டு எலும்புகள். கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. உள்ளங்கையைத் திருப்பும்போது சுழல்வது ரேடியஸ். அல்னா முழங்கையில் கொக்கி போட்டதுபோல் நிற்கும், சுழலாது. பிரேக்கியாலிஸ் அல்னாவில் ஒட்டுகிறது. அதனால் உள்ளங்கை எந்தப் பக்கம் பார்த்தாலும் அதற்குக் கவலை இல்லை, மடக்குவது ஒன்றே குறி. பைசெப்ஸ் ரேடியஸில் ஒட்டுகிறது. அது மடக்கும், கூடவே உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும். அந்தத் திருப்பலில்தான் அதன் உண்மையான கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

நம்பிக்கை இல்லையென்றால் இப்போதே பார்க்கலாம். வலது முழங்கையை மடக்கி மேசைமேல் வையுங்கள், உள்ளங்கை மேசையைப் பார்க்கட்டும். இடது கையால் பைசெப்ஸைத் தொட்டுக்கொள்ளுங்கள். இப்போது இறுகிய ஒரு ஸ்குருவை முடுக்குவதாக நினைத்து உள்ளங்கையை மேலே பார்க்கும்படி பலமாகத் திருப்புங்கள். விரலுக்கடியில் தசை துள்ளும். வலக்கைக்காரர் ஸ்குரு முடுக்குவது பெரும்பாலும் பைசெப்ஸ் வேலை. இடக்கைக்காரருக்கு அதே ஸ்குருவை முடுக்கும்போது இந்த உதவி கிடையாது, கழற்றும்போதுதான் கிடைக்கும். என் தம்பிக்கு இடது கை பழக்கம். வீட்டில் இறுகிப்போன எதையும் கழற்ற அவனைத்தான் கூப்பிடுவோம்.

பைசெப்ஸ் பாதி போனாலும் கை மடங்கும் என்று எனக்குக் கண்ணெதிரே காட்டியவர் ஓர் உப்பளத்துப் பெரியவர். உப்பு மூட்டையை லாரியில் ஏற்றும்போது தோளுக்குக் கீழே டப்பென்று ஒரு சத்தம். அப்புறம் கன்றிப்போய் நீலம் பாரித்து, அது வடிந்தபிறகு பார்த்தால் முழங்கைக்குச் சற்று மேலே ஓர் உருண்டை. என்னிடம் வந்தபோது அவருக்கு வருத்தமே இல்லை. "டாக்டரம்மா, இந்த வயசுல ஒத்தக் கைக்கு மட்டும் ஆர்ம்ஸ் வந்திருக்கு, பாத்தியளா" என்று மடக்கிக் காட்டினார். பைசெப்ஸுக்கு மேலே இரண்டு தலைகள் உண்டு. அதில் நீளமான தலையின் தசைநாண், தோள் மூட்டுக்கு உள்ளே ஆரம்பித்து எலும்புப் பள்ளம் ஒன்றில் வழுக்கிக்கொண்டு கீழே வரும். வயதானால் அது நைந்துபோகும், ஒருநாள் அறும். மேலே பிடி இல்லாத தசை கீழே சுருண்டு உருண்டையாகிவிடும். பாப்பாய் கார்ட்டூன் பார்த்தவர்களுக்கு அந்த உருவம் தெரியும், மருத்துவத்திலும் பாப்பாய் அடையாளம் என்றே அதற்குப் பெயர். எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன், அந்த வயதில் தைக்க வேண்டாம் என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். பெரியவர் தண்ணீர் வாளியைப் பழையபடி தூக்குகிறார். இறுகிய குழாயைத் திருகும்போது மட்டும் கை சொன்னபடி கேட்பதில்லை.

பிரேக்கியம் பெயரைச் சுமக்கும் தசைகளில் இன்னும் இரண்டு உண்டு. கொராக்கோபிரேக்கியாலிஸ் ஒரு சின்னத் தசை. தோள்பட்டை எலும்பில் காக்கை அலகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலிருந்து புறப்பட்டு ஆர்ம் எலும்பின் உள்பக்கம் ஒட்டும். அதற்கென்று பெரிய வேலை இல்லை. ஆனால் டிசெக்‌ஷன் மேசையில் அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு நரம்பு அதன் நடுவில் ஓட்டை போட்டு நுழைந்து மறுபக்கம் வெளியேறும். அந்த நரம்புக்கு மஸ்குலோக்யூட்டேனியஸ் என்ற வாயில் நுழையாத பெயர். பைசெப்ஸ், பிரேக்கியாலிஸ், கொராக்கோபிரேக்கியாலிஸ் மூன்றுக்கும் அதுதான் மின்சப்ளை என்பதால் முதலாண்டில் நாங்கள் பிபிசி நரம்பு என்று உருப்போட்டோம். இன்னொன்று பிரேக்கியோரேடியாலிஸ். டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது, கட்டைவிரல் மேலே பார்க்க, முன்கையின் விளிம்பில் ஒரு வரப்பு எழும்பும் பாருங்கள், அது. சரி, தசை போதும்.

ஆர்மில் எனக்கு எப்போதும் பயம் தருவது பின்பக்கம்தான். அங்கே முழங்கையை நீட்டும் ட்ரைசெப்ஸ் இருக்கிறது, அதற்கு அடியில் ஆர்ம் எலும்பான ஹ்யூமரஸின் முதுகில் சாய்வாக ஒரு பள்ளம் இறங்குகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்த வைக்கும் ரேடியல் நரம்பு அந்தப் பள்ளத்தில், எலும்பை உரசிக்கொண்டு சுற்றி வருகிறது. அந்த இடத்தில் வெளியிலிருந்து பலமாக அழுத்தினால் நரம்பு எலும்புக்கும் அழுத்தும் பொருளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

ஒரு லாரி டிரைவர் அண்ணன். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு விடியற்காலையில் வண்டியை ஓரம் கட்டி, கேபினிலேயே சாய்ந்து தூங்கியிருக்கிறார், வலது கையைப் பலகை விளிம்புக்கு மேல் தொங்கப் போட்டபடி. நல்ல அசதி, புரண்டு படுக்கவில்லை. எழுந்தால் வலது மணிக்கட்டு துவண்டு தொங்குகிறது. விரலை நீட்ட முடியவில்லை. வீட்டில் பக்கவாதம் என்று அலறி அடித்துக்கொண்டு ஓடி, ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் என்னிடம் வந்தார்கள். அவர் மனைவி அழுது முகம் வீங்கியிருந்தது.

நான் முதலில் பேசச் சொன்னேன், சிரிக்கச் சொன்னேன், நடக்கச் சொன்னேன். எல்லாம் ஒழுங்கு. முழங்கையை மடக்கி, என்னைத் தள்ளுங்க அண்ணே என்றேன். நன்றாகத் தள்ளினார், ட்ரைசெப்ஸ் உயிரோடு இருக்கிறது. ட்ரைசெப்ஸுக்கான கிளைகளில் பெரும்பாலானவை பள்ளத்துக்கு மேலேயே பிரிந்துவிடும், அதனால் அடி பட்டது பள்ளத்தில்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கைத் தோலைத் தடவினால் மரத்துப்போயிருந்தது. அதுவும் ரேடியல் நரம்பின் இடம். கடைசியாக, என் விரலை நசுக்குங்க என்றேன். பலமே இல்லை. "பாத்தீங்களாம்மா, கை செத்துப்போச்சு" என்றார். அவர் மணிக்கட்டை நான் கீழிருந்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, இப்போ நசுக்குங்க என்றேன். நசுக்கிவிட்டார், எனக்கு வலித்தது. மடக்கும் தசைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மணிக்கட்டு தொங்குவதால் அவற்றுக்குப் பிடி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நான் விளக்கியதைவிட அந்த ஒரு நசுக்கல்தான் அவர் மனைவியின் அழுகையை நிறுத்தியது.

இதற்கு ஆங்கிலத்தில் சனிக்கிழமை ராத்திரி வாதம் என்று பெயர். குடித்துவிட்டு நாற்காலி முதுகில் கையைப் போட்டுத் தூங்குகிறவர்களை வைத்து வந்தது. மனைவியின் தலையைக் கையில் தாங்கி விடியவிடியத் தூங்கும் புது மாப்பிள்ளைகளுக்கு வந்தால் அது தேனிலவு வாதம். டிரைவர் அண்ணனிடம் இரண்டையும் சொல்லவில்லை. மணிக்கட்டை நிமிர்த்தி வைக்க ஒரு ஸ்ப்லின்ட் கட்டி, விரல்கள் இறுகாமலிருக்கப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். வெறும் அழுத்தம்தான் என்றால் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் நரம்பு தானாக எழுந்துவிடும், அவருக்கும் எழுந்தது. உள்ளே இழை அறுந்திருந்தால் கணக்கு வேறு. நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும்.

பைக்கில் விழுந்து, தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபடும்போது வருவது இதைவிடக் கொடுமை. கழுத்திலிருந்து கைக்கு வரும் எல்லா நரம்பும் பின்னிப் பிரியும் இடத்துக்குப் பிரேக்கியல் பிளெக்சஸ் என்று பெயர். 5 வேர்கள், 3 தண்டுகள், 6 பிரிவுகள், 3 கயிறுகள், கடைசியில் 5 முக்கிய நரம்புகள். தேர்வில் அதைப் படமாக வரைந்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துவிடலாம் என்று நினைத்தேன். ஹெல்மெட் போட்டு உயிர் தப்பிய பையன் ஒருவன் தோளிலிருந்து மொத்தமாகத் தொங்கும் கையோடு வந்து உட்கார்ந்தால் மறக்க முடியாது. எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், புத்தூர்க்கட்டு போட்டுப் பார்ப்போம் என்று மாதங்களை ஓட்டிவிட்டு வருகிறார்கள். அசைவு திரும்பாவிட்டால் ஆறு மாதம் ஆவதற்குள்ளாவது நரம்பு அறுவை சிகிச்சை நடந்துவிட வேண்டும். அதற்கப்புறம் நரம்பை ஒட்டவைத்தாலும் தசை காத்திருந்து பயன் குறைந்துவிடுகிறது.

பிரேக்கியம் பெயரில் ஊரெல்லாம் அறிந்த ஒன்று இருக்கிறது, பெயர் தெரியாமலே. பிபி பார்க்கும்போது பட்டை சுற்றுகிறார்களே, அது நசுக்குவது பிரேக்கியல் தமனியை. ஆர்மின் உள்பக்கம், பைசெப்ஸுக்கும் ட்ரைசெப்ஸுக்கும் நடுவிலுள்ள வாய்க்காலில் இரண்டு விரலை வைத்து எலும்பை நோக்கி அழுத்தினால் அது துடிப்பது தெரியும். காற்றுப் பட்டையைச் சுற்றும் முறையை இத்தாலிக்காரர் ரிவா-ரோச்சி 1896-ல் கொண்டுவந்தார். முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்கலாம் என்று 1905-ல் சொன்னவர் கொரட்கோவ் என்ற ரஷ்ய ராணுவ அறுவை மருத்துவர். பெரிய கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிபி இல்லாதவருக்கும் பிபி காட்டும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் ஆர்ம் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். ஆர்ம்ஸ் ஏற்றிய பையன்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம், தடிமனான சட்டைக் கைக்கு மேலேயே கட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அங்கன்வாடியில் இன்னொரு பட்டை உண்டு, மூன்று நிறக் காகித நாடா. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் இடது ஆர்மின் நடுவில், தோள் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் சரிபாதியில், கை தளர்வாகத் தொங்கும்போது சுற்றுவார்கள். 12.5 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பச்சை. 11.5-க்குக் கீழ் சிவப்பு, குழந்தை கடுமையான ஊட்டக்குறைவில் இருக்கிறது என்று பொருள். எடைக்கல்லும் வேண்டாம், வயதுக் கணக்கும் வேண்டாம். உடம்பு இளைக்கும்போது இந்தத் துண்டிலுள்ள தசையும் கொழுப்பும் சீக்கிரம் கரைகின்றன. நம் பழைய பாட்டுகளில் தலைவன் பிரிந்தால் தலைவியின் மூங்கில் தோள் மெலிந்து வளை நழுவும். அந்தத் தோள், தோள்பட்டை மூட்டு அல்ல, இதே மேற்கைதான் என்று நான் நினைக்கிறேன். புலவர்கள் அளவு நாடாவுக்குப் பதில் தோள்வளையை வைத்திருந்தார்கள்.

உடம்புக்குள் பிரேக்கியம் என்ற பெயர் இன்னோர் இடத்திலும் வரும், மூளையில். நடுமூளையின் முதுகில் நான்கு சின்ன மேடுகள், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் நரம்பிழைக் கற்றைகளுக்குப் பிரேக்கியம் என்றே பெயர் வைத்தார்கள். மேல் மேட்டின் கற்றை பார்வைக்கு, கீழ் மேட்டின் கற்றை காது கேட்பதற்கு. நீட்டிக்கொண்டு எதையாவது எட்டிப் பிடித்தால் அனாட்டமிக்காரர்கள் உடனே கை என்றுவிடுவார்கள்.

டைனோசரிலும் ஒரு கைக்காரர் உண்டு, பிரேக்கியோசாரஸ். 1900-ல் அமெரிக்காவின் கொலராடோவில் எல்மர் ரிக்ஸின் குழு தோண்டியபோது கிடைத்த பெரிய எலும்பு ஒன்றை முதலில் தொடை எலும்பு என்றே நினைத்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அது ஹ்யூமரஸ். இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம், அதன் தொடை எலும்புக்குச் சமம். மற்ற பெரிய டைனோசர்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்கால் குட்டை. 1903-ல் ரிக்ஸ் வைத்த பெயரின் முன்பாதி அந்த எலும்பைத்தான் குறிக்கிறது.

ஆனால் கை என்றால் என்ன என்பதில் என்னை நிஜமாகக் குழப்பியது எங்கள் ஊர் மீன் மார்க்கெட். ஞாயிற்றுக்கிழமை ஊசிக்கணவாய் வாங்கிக் கழுவ உட்கார்ந்தால் முதலில் எண்ணுவேன், தொழில் புத்தி. வாயைச் சுற்றி எட்டுக் குட்டைகள், இரண்டு நெட்டைகள். எட்டும் ஆர்ம், இரண்டு மட்டும் டென்டக்கிள். பிரித்துச் சொல்ல வழி சுலபம். ஆர்மில் உறிஞ்சிகள் அடி முதல் நுனி வரை இருக்கும். டென்டக்கிள் நடுவில் வழவழவென்று இருக்கும், நுனியில் அகன்ற இடத்தில் மட்டும் உறிஞ்சி. விரலால் உருவினால் தெரிந்துவிடும். ஊசிக்கணவாயின் உறிஞ்சிக்குள் சின்னப் பல் வளையம் உண்டு, உருவும்போது நறநறக்கும். பேய்க்கணவாய்க்கு டென்டக்கிளே கிடையாது, எட்டும் ஆர்ம்தான். அதை நாம் எண்காலி என்கிறோம், உயிரியல்காரர்களோ அவை அத்தனையும் கை என்கிறார்கள்.

ஆண் கணவாய்களில் ஓர் ஆர்ம் மட்டும் இனப்பெருக்கத்துக்கென்று மாறியிருக்கும். ஆர்கோநாட் என்ற வகையில் அந்த ஆர்ம் பிய்ந்து பெண்ணின் உடலுக்குள்ளேயே தங்கிவிடும். பிரெஞ்சு அறிஞர் கூவியே அதைக் கண்டு, ஒட்டுண்ணிப் புழு என்று நினைத்து 1829-ல் ஹெக்டோகோட்டைலஸ் என்று தனிப் பெயரே வைத்துவிட்டார். புழு இல்லை, கை என்று தெரிந்தபிறகும் பெயர் நிலைத்துவிட்டது.

பேய்க்கணவாயின் ஆர்மில் எலும்பு கிடையாது, மூட்டு கிடையாது, எந்த இடத்திலும் எந்தப் பக்கமும் வளையும். அதன் உடலில் சுமார் 50 கோடி நரம்பணுக்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கின்றன. இவ்வளவு சுதந்திரமுள்ள கை, இரையைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகும்போது என்ன செய்கிறது தெரியுமா? நம்மைப்போலவே மடக்குகிறது. ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2000-களில் வீடியோ எடுத்து, தசையின் மின்னோட்டத்தையும் அளந்து காட்டினார்கள். இரையைப் பிடித்த இடத்திலிருந்து தசைச் சுருக்க அலை ஒன்று உடலை நோக்கி வருகிறது, அடியிலிருந்து இன்னோர் அலை எதிரே போகிறது. இரண்டும் மோதும் இடத்தில் ஆர்ம் மடங்குகிறது. அங்கே ஒரு முழங்கை. அதற்கு மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஏறக்குறைய சமநீளமாக, எலும்பு இருப்பதுபோல் விறைத்துக்கொள்கின்றன. இரை எங்கே மாட்டினாலும் முழங்கை அதற்கேற்ப இடம் மாறும்.

வாய்க்குள் போட்டதும் அந்த மூட்டு காணாமல் போய்விடும். தேய்மானம் இல்லை, பிடிப்பு இல்லை, டென்னிஸ் எல்போ இல்லை. அத்தனை பேரும் பேய்க்கணவாயாகப் பிறந்திருந்தால் கிளினிக் வாடகைக்கு நான் என்ன செய்வது?